விலா எலும்பு முறிவும் யாழ்ப்பாணத்து வைத்திய மரபும்

முறிந்த எலும்பைப் பொருத்தப் புகும் வைத்தியர் எந்நாட்டினராயினும் முதற்கண் இடும் கட்டளை ஒன்றே. முறிந்த உறுப்பை அசைத்தலாகாது என்பதே அது. கை முறிந்தார்க்கும் கால் முறிந்தார்க்கும் இக்கட்டளை பொருந்தும். விலா எலும்பு முறிந்தார்க்கோ இது முற்றும் பொருந்துவதன்று. உயிர் உள்ளவரை மூச்சு உண்டு. மூச்சு உள்ளவரை விலாவுக்கு அசைவு உண்டு. அசையாதிருக்க வேண்டிய எலும்பு அசைந்தே தீர வேண்டிய இடத்தில் அமைந்துள்ளது. இம்முரண்பாட்டை நம் முன்னோரும் பிறநாட்டாரும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும், அவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு உரிய இடம் யாது என்பதும் இக்கட்டுரையின் பொருளாம்.

இப்பொருளை யான் தேடி எடுத்தேனல்லேன். அது தானே வந்து வாய்த்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிக்காலத்துக் காலைப்பொழுதில், வீட்டுக் கிணற்றடியிற் பாசி வழுக்கித் துவைகல்லின்மேல் வீழ்ந்தேன். இடப்புறத்து விலா இரண்டு முறிந்தன. செய்தி அறிந்து ஓடிவந்த என் பெரிய தாயார், எண்ணெய் பூசி நாலு முழ வேட்டியால் நெஞ்சை இறுகக் கட்ட வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்வையிட்ட இளம் வைத்தியரோ கட்டே கூடாது என்றார். நோவுக்கு மருந்து தந்து, ஆழ மூச்செடுக்கவும் இருமல் வந்தால் அடக்காது தலையணையை அணைத்துக்கொண்டு இருமவும் பணித்தார். வீட்டிற் கூடியிருந்தோர், ஒன்று நாட்டு முறை, மற்றது மேனாட்டு முறை என்று தீர்ப்புக் கூறினர். யானும் அவ்வாறே எண்ணினேன். படுக்கையிற் கிடந்த ஆறு வாரத்தில் நூல்களைப் புரட்டிய பின்னரே அத்தீர்ப்புப் பிழை என்பது தெரிந்தது.

முதலில் விலாவின் அமைப்பை நோக்குவோம். மனிதனுக்கு விலா எலும்புகள் 12 இணை. அவற்றுள் மேலுள்ள 7 இணை தத்தம் குருத்தெலும்பால் நெஞ்செலும்போடு நேரே பொருந்துவன. அடுத்த 3 இணை தமக்கு மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைச் சார்ந்து நிற்பன. இறுதி 2 இணை முன்புறத்திற் பற்றுக்கோடின்றி முடிவன. வீழ்ச்சியாலும் அடியாலும் பெரும்பாலும் முறிவன நான்காவது தொடக்கம் ஒன்பதாவது வரையுள்ளவை. நிமிடத்துக்குப் 15 மூச்சு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 21,600 மூச்சு ஆகும். நம் யோக நூலாரும் சித்தரும் வழிவழியாகக் கூறிவரும் எண்ணும் இதுவே. எனவே முறிந்த விலா நாளொன்றுக்கு 21,600 முறை அசைந்துகொண்டே பொருந்துகின்றது. அது பொருந்துதற்குக் காரணம், மேலும் கீழும் உள்ள விலாக்களும் இடையிலுள்ள தசைகளும் அதனை இருபுறமும் தாங்கி நிற்றலேயாம். ஒரு விலா முறிந்தவிடத்து அயலிலுள்ள விலாக்களே அதற்குப் பத்தையாகின்றன.

இனி நூல் வழக்கிற்கு வருவோம். பாரத நாட்டின் சத்திர வைத்திய நூல்களுள் முதன்மை பெற்றது சுசுருத சங்கிதை. அந்நூல் எலும்புகளைக் கபாலம், ருசகம், தருணம், வலயம், நளகம் என ஐவகைப்படுத்தி, விலாவினை வளைந்த எலும்பாகிய வலயத்துள் அடக்குகின்றது. மூட்டு விலகல் 6 வகை என்றும் எலும்பு முறிவு 12 வகை என்றும் பகுக்கின்றது. ஆல், அரசு, அத்தி, மூங்கில் முதலியவற்றின் பட்டையையும் சிம்பையும் பத்தையாக வைத்துக் கட்டும் முறையை விரித்துரைக்கின்றது. குளிர்காலத்தில் 7 நாளைக்கு ஒருமுறையும், இடைப்பட்ட காலத்தில் 5 நாளைக்கு ஒருமுறையும், வேனிலில் 3 நாளைக்கு ஒருமுறையும் கட்டை அவிழ்த்து மாற்றவேண்டும் என்று விதிக்கின்றது. இளமையில் ஒரு மாதத்திலும், நடுவயதில் இரு மாதத்திலும், முதுமையில் மூன்று மாதத்திலும் எலும்பு கூடும் என்று கணக்கிடுகின்றது.

விலா முறிவுக்கு அந்நூல் தனியே ஒரு முறை வகுத்துள்ளது. நோயாளியை நெய் பூசி நிற்கச் செய்து, முறிந்த பக்கத்தை நெய்கொண்டு மெல்ல உருவி, அதன்மேல் மெத்தென்ற பட்டையை வைத்துக் கட்டி, பின்னர் எண்ணெய் நிறைந்த தொட்டியிற் கிடத்தவேண்டும் என்பது அம்முறை. எண்ணெய்த் தொட்டி எதற்கு என்று இக்காலத்தவர் நகைத்தல் கூடும். உடலின் பாரத்தை எண்ணெய் தாங்குதலால் முறிந்த இடம் அழுந்தாது. தசையின் இறுக்கமும் தளரும். நோவு குறைந்தால் மூச்சு எளிதாகும். அக்கருத்துப்பற்றியே அவ்விதி எழுந்தது என்று கொள்ளுதல் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இதனினும் கருதத்தக்கது பிறிதொன்று உண்டு. கட்டு மிகத் தளர்ந்தால் முறிந்த இடம் நிலைபெறாது. மிக இறுகினால் வீக்கமும் நோவும் அழற்சியும் உண்டாகும். ஆதலின் நடுத்தரமான கட்டே நன்று என்று சுசுருதம் வெளிப்படையாகக் கூறுகின்றது. நெஞ்சை மூச்சுவிட முடியாதபடி இறுக்குதல் நம் பழைய நூல் மரபு என்று சொல்லுதற்கு இவ்விடத்தில் ஆதாரம் இல்லை என்க.

கிரேக்க நாட்டிலும் ஏறக்குறைய இந்நிலையே காணப்படுகின்றது. இப்போகிரேற்றிசு என்னும் பேராசானின் பெயரால் வழங்கும் மூட்டுக்கள் பற்றிய நூல், விலா முறிந்து உள்ளே குத்தாதவிடத்துச் சுரமும் இரத்தம் உமிழ்தலும் அரிது என்றும், மிதமான கட்டுப் போதும் என்றும், எலும்பு இருபது நாளிற் கூடும் என்றும் கூறுகின்றது. நோயாளியைப் பட்டினியிடாது அளவாக உண்பித்தல் வேண்டும் என்றும், எலும்பு முறிவினும் நெஞ்சின் தசை நசுங்கிய ஊறே நெடிது துன்புறுத்தும் என்றும் அது எச்சரிக்கின்றது. எலும்பை மட்டும் நோக்காது எலும்பின் கீழுள்ளதையும் நோக்குக என்னும் இக்கருத்தை மேனாட்டு வைத்தியம் பன்னூற்றாண்டு கழித்தே மீண்டும் கண்டடைந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறித் தரித்து ஆண்டனர். அப்பெயர்களாலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் வைத்திய நூல்கள் வழங்குகின்றன. 1619இல் இவ்வரசு போர்த்துக்கேயர் கைப்பட்ட பின்னரும், ஏடுகள் பரம்பரை வைத்தியர் வீடுகளிற் போற்றப்பட்டு வந்தன. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் 1920களின் இறுதியிலும் 1930களிலும் இவற்றை அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தார். அவர் செய்த தொண்டின் அருமை, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டு கிடைத்தற்கரிய ஏடுகள் சாம்பலானபோது நன்கு விளங்கியது. அச்சேறியது பிழைத்தது, ஏட்டளவில் நின்றது அழிந்தது.

எனினும் முறிவு நெரிவு வைத்தியத்தின் பெரும்பகுதி ஏட்டில் இருந்ததன்று, கையில் இருந்தது. தந்தையின் கை தடவிய இடத்தை மைந்தனின் கை தடவி அறியும் கல்வி அது. பனை ஏறி வீழ்ந்தவன், துலா மிதிக்குங்கால் தவறியவன், மாடு முட்டியவன், வண்டிற் சில்லில் அகப்பட்டவன் என, நம் குடாநாட்டின் தொழில்களே இவ்வைத்தியர்க்கு நோயாளரைத் தந்தன. மூங்கிற் பத்தையும், சீலைக் கட்டும், முட்டை வெண்கரு சேர்த்த பற்றும், புளியிலை நொச்சியிலை ஒத்தடமும், காய்ச்சிய எண்ணெயும் அவர்தம் கருவிகள். கை கால் முறிவிற் பலர் இவர்களாற் பயன்பெற்றமை ஊரறிந்த செய்தி. ஆயினும் எக்ஸ் கதிர் இல்லாத காலத்தில், உள்ளே குத்திய எலும்பையும் வெறும் வெடிப்பையும் விரலால் மட்டும் வேறு பிரித்தல் எவர்க்கும் அரிதே.

இந்நிலையிலேதான் அமெரிக்க வைத்தியம் நம் நாட்டில் வந்து புகுந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த யோன் ஸ்கடர் என்பார் 1820இற் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கினார். அவர்க்குப் பின் 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்சு மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்த இவர், மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். இடையிலே தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்து, 1873 வரை பணியாற்றினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழிளைஞர் இவரிடம் வைத்தியம் பயின்றனர். சமயப் பணிக்கென வந்தவராயினும், தமிழர் தமிழிலேயே வைத்தியம் கற்றல் வேண்டும் என்று துணிந்து, இரண்டாம் முறை வந்தபின் தமிழ்வழியே கற்பித்தார். சமயத்தால் இவரோடு மாறுபடும் நாமும் இத்துணிவுக்குத் தலைவணங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கிறீனும் அவர் மாணாக்கரும் பெயர்த்த நூல்கள் பல. அவற்றுள் நம் பொருளுக்கு உரியன இரண்டு. துரூயிற் என்பாரின் சத்திர வைத்திய நூல் 1867இல் இரணவைத்தியம் என்னும் பெயரால் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 1858இல் வெளிவந்த கிறே என்பாரின் அங்காதிபாத நூல், 14 ஆண்டுகள் கழித்து 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் தமிழில் உருப்பெற்றது. அந்நாளில் உலகின் பல மொழிகளுக்குக் கிட்டாத பேறு இது.

இம்மொழிபெயர்ப்பால் நேர்ந்த மாற்றத்தை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். சுசுருதம் உடம்பின் எலும்புகளை 300 என எண்ணுகின்றது. அதில் பக்கத்துக்கு 36 வீதம் விலாப்புறத்து எலும்புகள் 72. விலா ஒன்றையும், அது பொருந்தும் குழியையும், அதன் முடிச்சையும் வெவ்வேறாக எண்ணினமையால் 24 என்பது 72 ஆயிற்று என்று ஆராய்ச்சியாளர் விளக்குவர். கிறே வழி வந்த தமிழ் நூலிலோ விலா 24 மட்டுமே. பழையோர் கண் குறைந்தவர் அல்லர். எண்ணும் முறை வேறு. ஆயினும் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஓடும் இரத்தக்குழலையும் நரம்பையும் பற்றித் தமிழிற் கற்கும் வாய்ப்பு, மானிப்பாய் மாணவனுக்கு இந்நூலாலேயே கிட்டியது.

இனி, கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். கிறீன் காலத்து ஆங்கிலச் சத்திர வைத்தியம் விலா முறிவுக்கு விதித்தது யாது? அகன்ற கம்பளித் துணியால் நெஞ்சைச் சுற்றி, விலாக்கள் அசையாதபடி இறுகக் கட்டுதல் என்பதே. பிற்காலத்திற் கம்பளிக்குப் பதிலாகப் பசையுள்ள பிளாஸ்ரர்ப் பட்டைகள் வந்தன. கட்டுமுறை மட்டும் மாறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈழத்திலும் ஆஸ்பத்திரிகள் இவ்வாறே கட்டின. எனவே, என் பெரிய தாயார் வேண்டிய இறுக்கக் கட்டு நாட்டு முறை மட்டும் அன்று; அது மேனாட்டு ஆஸ்பத்திரிகளும் நெடுங்காலம் உறுதிப்படுத்தி வைத்த முறையாம். நூறாண்டுக்கு முன் விஞ்ஞானமாய் இருந்தது இன்று பாட்டி வைத்தியம் எனப் பெயர் பெற்று நிற்கின்றது!

அக்கட்டு நோவைத் தணித்தது உண்மை. அதனாலேயே அது நிலைத்தது. ஆனால் நெஞ்சு விரியாதவிடத்து நுரையீரலின் அடிப்பகுதி காற்றின்றிச் சுருங்கும். இருமாமையாற் சளி தேங்கும். தேங்கிய சளியிற் கிருமி பெருகி நியுமோனியா என்னும் சுரம் மூளும். இளைஞன் தப்புவான், முதியவன் மாய்வான். இரண்டாம் உலகப் போரில் நெஞ்சிற் காயமுற்ற வீரரை ஆராய்ந்த வைத்தியர்கள், நீரும் சளியும் நிறைந்த ஈர நுரையீரலே பலர்க்குக் கூற்றாயிற்று எனக் கண்டு, நோவைக் கட்டால் அடக்காது விலாநரம்பை மரக்கச் செய்யும் ஊசியால் அடக்கி, நோயாளியை இருமச் செய்தனர். 1956இல் ஏவரி, மேர்ச், பென்சன் என்னும் மூவர், பல விலா முறிந்து நெஞ்சுச்சுவர் தளர்ந்தவர்க்கு உள்ளிருந்து காற்றை ஊட்டும் இயந்திரத்தால் நெஞ்சை நிலைநிறுத்தலாம் எனக் காட்டினர். 1970களில், அத்தகையோருள்ளும் பலர்க்கு இயந்திரம் வேண்டுவதில்லை, எலும்பின் கீழுள்ள நுரையீரலின் நசுங்கலே உண்மைப் பகை என்பது தெளிவாயிற்று. இப்போகிரேற்றிசு கூறியது வேறு வடிவில் மீண்டது. இக்காலத்திற் கடுமையான முறிவுகளைத் தகடு வைத்துப் பொருத்தும் சத்திரசிகிச்சையும் நடைபெறுகின்றது. ஆயினும் பெரும்பாலார்க்கு வேண்டுவன நோவு தணிக்கும் மருந்தும், ஆழ்ந்த மூச்சும், இருமலும், நடையுமே. ஏறக்குறைய ஆறு வாரத்தில் எலும்பு கூடும்.

இம்மாற்றம் ஏட்டளவிலான செய்தியன்று என்பதற்கு எம் குடும்பத்திலேயே சான்று உண்டு. போர்க்காலத்தில், 1990களின் தொடக்கத்தில், யான் சிறுவனாயிருந்தபோது, என் பேரனாரின் தம்பியார் வேலி அடைக்கும்போது கிடுகுக் கட்டோடு மதிலிலிருந்து வீழ்ந்தார். எழுபது வயதினர். பாதை அடைபட்டிருந்தது, வாகனத்துக்கு எண்ணெய் இல்லை, ஆஸ்பத்திரி எட்டாத தூரமாயிற்று. அயலூர் முறிவு வைத்தியர் சைக்கிளில் வந்து, பற்றுப் போட்டு, நெஞ்சை இறுகக் கட்டி, அசையாது கிடக்கச் சொன்னார். முதியவர் சொற்கேட்டார். இருமினால் நோகும் என்று இருமலை விழுங்கினார். பதினோராம் நாள் சுரம் கண்டது. பதினைந்தாம் நாள் மூச்சு நின்றது. அவர் விழுங்கிய ஒவ்வோர் இருமலையும் பாயருகே இருந்து யான் கண்டேன்.

நெடுநாள் யான் அவ்வைத்தியரை மனத்துள் நொந்ததுண்டு. இவ்வரலாற்றைக் கற்றபின் நோவேனல்லேன். அவர் செய்தது, சில பத்தாண்டுக்கு முன் உலகின் பெரிய ஆஸ்பத்திரிகள் அனைத்தும் செய்தது. அவர் அறியாமற் போனது தம் மரபின் குறையால் மட்டும் அன்று. 1950களின் பின் உலகம் கண்ட உண்மை அவர்தம் மொழியில் அவர்தம் கைக்கு வந்து சேராமையாலுமாம். 1867இல் ஆங்கிலச் சத்திர நூல் தமிழில் நம் ஊருக்கு வந்தது. அதே நூல் மரபு தன் பிழையைத் திருத்திக்கொண்டபோது, அத்திருத்தம் தமிழில் வரவில்லை. கிறீன் நீங்கியபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடிது நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பில் எழுந்த வைத்தியக் கல்லூரி ஆங்கில வழியிற் சென்றது. வைத்தியர் அறிந்தது ஒன்றாகவும் வீட்டார் அறிந்தது ஒன்றாகவும் பிரிந்தமை அவ்வழி விளைந்தது.

இன்று நிலைமை நம்பிக்கை தருகின்றது. 1850இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் ‘பிறண்ட் இன் நீட்’ சங்கத்தின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது, 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து, இப்பொழுது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாய் விளங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 தொடக்கம் மருத்துவ பீடமும், 1984 தொடக்கம் சித்த மருத்துவக் கல்வியும் உள்ளன. இரு மரபினரும் ஒரே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளாயிருத்தல் நம் முன்னோர்க்கு வாய்க்காத வாய்ப்பு. முறிவின் கைப்பழக்கத்தை ஒரு சாராரும், எலும்பின் கீழுள்ளதைக் காணும் கருவியை மறுசாராரும் பகிர்ந்துகொள்ளின் நாட்டுக்கு நன்மை பெரிது.

இம்மலரைக் கையில் எடுக்கும் மாணவர் பலர் பிற்காலத்தில் வைத்தியராவர். வைத்தியராகாதோரும் வீட்டிற் பெரியோரைப் பேணுவர். ஆதலின் சில சொற்களை வெளிப்படையாகச் சொல்லுதல் கடன். விலா முறிந்தாரை இறுகக் கட்டற்க. நோவு மருந்தை வைத்தியர் சொற்படி கொடுத்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சில முறை ஆழ மூச்செடுக்கச் செய்க. இருமும்போது தலையணையை முறிந்த பக்கத்தில் அணைத்துப் பிடிக்கச் சொல்க. படுக்கையிலேயே கிடத்தற்க, எழுந்து நடக்கத் துணைசெய்க. மூச்சுத் திணறல், சுரம், இரத்தம் கலந்த சளி, மயக்கம், வயிற்று நோவு என்பவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. கீழ் விலாக்களின் உள்ளே ஈரலும் மண்ணீரலும் உள்ளன என்பதை மறவற்க. முதியோர் ‘ஒன்றுமில்லை’ என்று கூறினும் ஒருமுறை காட்டுதலே நன்று.

என் விலா கூடிவிட்டது. மழைக்காலத்திற் சற்றே நோகும். கட்டு இல்லாமலே சுகமானதை என் பெரிய தாயார் இன்னும் முழுதும் நம்பினாரல்லர். ஆயினும் சென்ற மாதம் அயல்வீட்டு முதியவர் வீழ்ந்தபோது, வேட்டியோடு ஓடியவர் அவரல்லர். தலையணையோடு ஓடியவர் அவர். அவர்க்கு அதனை உணர்த்தியது ஆங்கில நூலுமன்று, வடமொழி நூலுமன்று. வைத்தியர் ஒருவர் நம் ஊர்த் தமிழில் எடுத்துச் சொன்ன நாலு வார்த்தையே. கிறீன் மானிப்பாயிற் கண்ட உண்மை அதுவே. அறிவு தாய்மொழியில் வீட்டு முற்றம் வரை வந்து சேரும்போதே உயிரைக் காக்கும்.